சதுக்கத்தில் மேடை கட்டலாமா? புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகர மையச் சதுக்கத்தில் திறந்தவெளி மேடை கட்டும் யோசனை பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வந்து சேர்கிறது. மாலை நேரம், விளக்கொளி, மேடையில் பாடுபவர், கீழே நிறைந்து நிற்கும் கூட்டம். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் தலையசைப்பார்கள். கட்டலாமா என்று முடிவெடுக்கும் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். வழியில் போகிறவர் டிக்கெட் வாங்காமல், அழைப்பிதழ் இல்லாமல், நின்று கேட்கிற பாட்டுக்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை. அதனால்தான் அவசரத்தில் கட்டப்பட்டு ஆளரவமற்றுக் கிடக்கும் மேடைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். இரண்டரை சதவீதம்கூட இல்லை. ஊர் உறங்கும் நேரத்தைக் கழித்துவிட்டு, ஒரு நாளுக்கு 14 மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நான்கு சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் அது காலி மேடை. படத்தில் இல்லாத அந்தக் காலி மேடை சதுக்கத்துக்கு நல்லது செய்யுமா, கெடுதல் செய்யுமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

முதல் படி: யார் ஏறப்போகிறார்கள்?

பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு நாட்காட்டியை விரித்து, யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் மேடையேறுவார்கள் என்று எழுதுங்கள். "இசைக் குழுக்கள்", "பள்ளி நிகழ்ச்சிகள்" என்று பொதுவாக எழுதினால் கணக்கில் சேராது. அந்தக் குழுவோடு யாராவது பேசியிருக்க வேண்டும். அவர்கள் "வருகிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பேசும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் ஏறுவார்கள், என்னென்ன கருவிகள் கொண்டுவருவார்கள், இப்போது எங்கே நிகழ்த்துகிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் கண்ணைத் திறக்கும். ஏற்கெனவே நல்ல அரங்கம் வைத்திருப்பவர்கள் மழைக்கும் காற்றுக்கும் நடுவே சதுக்கத்துக்கு வர மாட்டார்கள். நிகழ்த்த இடமே இல்லாமல் தவிப்பவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தால், தேவையின் உண்மையான அளவு தெரிந்துவிடும். நாட்காட்டியில் இருபது நாள்கூட நிரம்பவில்லை என்றால் நிரந்தர மேடைப் பேச்சை அப்போதைக்கு நிறுத்திவைக்கலாம். இருபது என்பது என் சொந்தக் கணிப்பு. விதி எதுவும் இல்லை.

இரண்டாம் படி: சதுக்கத்தில் உட்காருங்கள்

வரைபடத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. காலை, மதியம், மாலை, இரவு. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் உட்கார்ந்து, எத்தனை பேர் கடந்து போகிறார்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். மக்கள் குறுக்கே நடக்கும் தடங்களை ஒரு தாளில் கோடுகளாக வரையுங்கள். எங்கே வெயில் விழுகிறது, எங்கே காற்று சுழன்றடிக்கிறது, எந்த மூலையை எல்லோரும் தவிர்க்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1970களில் நியூயார்க்கின் சதுக்கங்களைக் கேமரா வைத்துப் பதிவுசெய்து ஆராய்ந்த வில்லியம் எச். வைட், உட்கார இடம் உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டறிந்தார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த உண்மையை மேடை கட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேடைக்கு இடம் வேண்டும் என்று பழைய பெஞ்சுகளையும் நிழல் தரும் மரத்தையும் அகற்றிவிட்டால், நிகழ்ச்சி இல்லாத நாட்களில் வருவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. உங்கள் தாளில் அதிகம் பேர் தங்கிய இடமும் மேடை வரப்போகும் இடமும் ஒன்றாக இருந்தால், இடத்தை மாற்றுங்கள்.

குழு ஒன்றோடு நான் பார்வையிடப் போன சதுக்கத்தில், மேடையின் பின்சுவர் பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கமாக வரும் எல்லோருக்கும் முதலில் தெரிவது ஜன்னல் இல்லாத ஒரு சுவர். வரைபடத்தில் அது தவறாகத் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: அளந்து பாருங்கள்

நின்று பார்க்கும் கூட்டத்துக்கு ஒருவருக்கு அரை சதுர மீட்டர் என்பது திறந்தவெளி நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவோர் பரவலாகக் கொள்ளும் அளவு. நாற்காலியும் நடைவழியும் போட்டால் ஒருவருக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சதுக்கம் 40 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் 2,000 சதுர மீட்டர். மேடை, பின்மேடை, ஒலிக் கட்டுப்பாட்டு மேசை, கடை வாசல்களுக்கான வழி, அவசர ஊர்திப் பாதை ஆகியவற்றையும், மேடை சரியாகத் தெரியாத ஓரங்களையும் கழித்தால் 1,200 மிஞ்சினாலே பெரிது. அதாவது நிற்பவர்கள் 2,400 பேர், உட்காருபவர்கள் 1,200 பேர்.

இந்த எண்ணிக்கைக்கு மேல் கூட்டம் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருக்கினால் தனி மனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தண்ணீர்போல அலைமோதத் தொடங்கிவிடும். சதுக்கத்திலிருந்து வெளியேறும் வழிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், மேடை வந்தால் அவற்றில் எது அடைபடும் என்று பாருங்கள். தீயணைப்புத் துறையினரை இந்தக் கட்டத்திலேயே அழைத்துக் காட்டுவது நல்லது. கட்டி முடித்த பிறகு அவர்கள் சொல்லும் திருத்தம் எப்போதும் விலை கூடியது.

நான்காம் படி: திசையும் உயரமும்

மேடை கிழக்கு நோக்கி இருந்தால், மாலையில் பார்வையாளர்கள் மறையும் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். மேற்கு நோக்கி இருந்தால் அந்தத் தொல்லை கலைஞர்களுக்கு. மாலை நிகழ்ச்சிகளே அதிகம் என்றால் வடக்கு–தெற்காக அமைவது இருதரப்புக்கும் நலம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். திசை தவறிய மேடையில் ஆடுகிறவர் அப்படிச் சொன்னால் அதை நம்பத்தான் வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை என் மனம் தாழ்ந்த மேடையின் பக்கம் சாய்கிறது. சுமார் 30 முதல் 90 சென்டிமீட்டர் வரையிலான எந்த விளிம்பிலும் மக்கள் உட்காருவார்கள் என்பதும் வைட் கண்டதுதான். ஆகவே 45 முதல் 60 சென்டிமீட்டர் உயர மேடை, நிகழ்ச்சி இல்லாத நாளில் ஒரு நீண்ட திண்ணை. ஒன்றேகால் மீட்டர் உயர்த்தினால் நிற்கும் கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மற்ற நாட்களில் அது வெறும் சுவர். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தையும் சேர்த்து எண்ணுங்கள். பல நாடுகளின் விதிப்படி 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம்தான் அனுமதி. 60 சென்டிமீட்டர் மேடைக்கு 7.2 மீட்டர் சாய்தளம். ஒரு மீட்டர் மேடைக்கு 12 மீட்டரோடு நடுவில் நின்று இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். கலைஞர்களிலும் சக்கர நாற்காலியில் வருபவர்கள் உண்டு என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

ஐந்தாம் படி: ஒலி

அதிகத் திட்டங்கள் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90 டெசிபல் இருந்தால் 20 மீட்டரில் 84, 40 மீட்டரில் 78, 80 மீட்டரில் 72. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பத்து மீட்டர் தள்ளிப் போனால் 40. பக்கத்துச் சாலையின் இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிடும். ஆகவே நகர மையத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் கதை சொல்லலாம், நாடகம் போடலாம் என்ற கனவு பெரும்பாலும் நடக்காது. கட்டடங்கள் சாலையை மறைக்கும் ஒரு மூலை கிடைத்தால் மட்டும் முயலலாம்.

அடுத்தது எதிரொலி. சதுக்கத்தைச் சுற்றிக் கண்ணாடியும் கல்லுமான கட்டடங்கள் இருந்தால், மேடையிலிருந்து கிளம்பும் ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் 40 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 80 மீட்டர். மேடைக்கு அருகில் இருப்பவர் காதுக்கு அது ஏறக்குறைய கால் நொடி தாமதித்து வந்து சேரும். நொடியின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானாலே காது அதைத் தனி ஒலியாகக் கேட்கத் தொடங்கும் என்பதால், பேச்சு கலங்கிப்போகும். தாளம் இரண்டு இரண்டாக விழும். இதைச் சோதிக்க நிபுணர் வேண்டாம். மேடை வரப்போகும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தெளிவாக இன்னொரு தட்டல் திரும்பி வந்தால், நிபுணரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். முரசு, பேஸ் கிட்டார் போன்றவற்றின் தாழ்ந்த சுருதி ஒலி, தடுப்புச் சுவரைச் சுற்றி வளைந்து போய்விடும். ஜன்னலை மூடினாலும் உள்ளே அதிரும். இரவு உறக்கத்துக்காக உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரி 40 டெசிபல். அதே நிறுவனம் 2022இல் இசை நிகழ்விடங்களுக்குச் சொன்ன உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். இரண்டு எண்ணும் வெவ்வேறு காரியத்துக்கானவை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள். இந்தப் பள்ளத்தை நிரப்பத் தூரம், நேரக் கட்டுப்பாடு, நல்ல ஒலி அமைப்பு என்ற மூன்றே கருவிகள்தான் கையில் உண்டு.

நல்ல ஒலி அமைப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2004இல் சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் திறக்கப்பட்ட பிரிட்ஸ்கர் அரங்கம். 4,000 இருக்கைகள், பின்னால் 7,000 பேர் அமரும் புல்வெளி. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை முன்னால் வைத்து அலறவிடாமல், புல்வெளிக்கு மேலே வளைந்து செல்லும் எஃகுச் சட்டங்களில் பல ஒலிபெருக்கிகளைப் பரப்பி மாட்டியிருக்கிறார்கள். கேட்பவருக்கு அருகிலிருந்தே ஒலி வருவதால் மிகையாகக் கூட்ட வேண்டியதில்லை. சிறிய சதுக்கத்திலும் நான்கு கம்பங்களில் நான்கு சிறு பெட்டிகள் என்று இதே முறையைச் செய்யலாம்.

குடியிருப்பவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வேறு, இரவுப் பணிக்குப் போய்விட்டுப் பகலில் உறங்குகிறவர்கள் வேறு. ஒலிச் சோதனை பெரும்பாலும் மதியத்தில் நடப்பதால் அவர்களுக்குத்தான் முதல் அடி.

ஆறாம் படி: தரைக்குக் கீழே, தலைக்கு மேலே

நகர மையச் சதுக்கங்கள் பலவற்றின் அடியில் வாகன நிறுத்துமிடம், ரயில் பாதை, கழிவுநீர்க் குழாய், மின்வடம் என்று ஏதாவது இருக்கும். மேடைத் தரையே ஒரு சதுர மீட்டருக்கு 500 முதல் 750 கிலோ வரை தாங்க வேண்டும் என்று பல கட்டட விதிகள் எதிர்பார்க்கின்றன. நிகழ்ச்சிச் சாமான் ஏற்றிவரும் லாரிக்குத் தனிக் கணக்கு. சதுக்கத்தின் தளம் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் சொல்லும்வரை வடிவமைப்பாளருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

கூரை வேண்டுமா என்பது தனி முடிவு. கூரை வந்ததும் விளக்கும் ஒலிபெருக்கியும் அதில் தொங்கும். காற்றும் அதைப் பிடிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்கு. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயல் வருவதற்கு முந்தைய காற்றில் தற்காலிக மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகள் கட்டப்பட்டிருந்த கான்கிரீட் தடுப்புகள், இழுவையைத் தாங்காமல் தரையில் நகர்ந்துவிட்டன. ஐந்து நாள் கழித்து, பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழாவில் புயல் அடித்து 5 பேர் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்த வேகத்தில் காற்று அடித்தால் நிகழ்ச்சி நிற்கும், அதை அளப்பவர் யார், நிறுத்தும் அதிகாரம் யாருடைய கையில் என்ற மூன்றுக்கும் பெயரும் எண்ணும் எழுதப்படாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மின்சாரமும் வடிகாலும் இதே பட்டியலில் வரும். மும்முனை இணைப்பு, மழையில் நனையாத மின்பெட்டி, கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி, கேபிள் மேல் மக்கள் தடுக்கி விழாதபடி தரைக்கடியில் ஒரு குழாய்.

ஏழாம் படி: வாடகை மேடையோடு ஒரு பருவம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதற்கு இங்கே நேரடியான பொருள் உண்டு. கட்டுவதற்கு முன், வாடகைக்கு மேடை எடுத்து, மூன்று நான்கு மாதங்களுக்கு உண்மையான நிகழ்ச்சிகளை நடத்துங்கள். 2009 மே மாதம் நியூயார்க் நகரம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வாகனங்களுக்கு மூடிச் சாதாரண மடக்கு நாற்காலிகளைப் போட்டது. அது சோதனை முயற்சி என்றே அறிவிக்கப்பட்டது. விளைவைப் பார்த்து, 2010இல் நிரந்தரமாக்கினார்கள். கல் பதித்துப் புதுப்பிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

சோதனைப் பருவத்தில் மேடையை இரண்டு மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வந்தவர்கள் எண்ணிக்கை, கடைசி வரை தங்கியவர்கள் எண்ணிக்கை, நான்கு ஜன்னல்களின் அருகே டெசிபல் அளவு, புகார்கள், மறுநாள் காலை குப்பை அள்ள ஆன நேரம், சுற்றியுள்ள கடைக்காரர்கள் சொன்னது ஆகியவற்றைப் பதியுங்கள். முதல் நிகழ்ச்சியின் கூட்டத்தை நம்ப வேண்டாம். புதுமைக்கு எங்கும் கூட்டம் வரும். ஆறாவது, ஏழாவது நிகழ்ச்சியின் எண்களைப் பாருங்கள். நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் ஒருமுறை மேடையை அப்படியே விட்டுவைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகள் ஏறி விளையாடினால், முதியவர்கள் விளிம்பில் உட்கார்ந்தால், அது மிக நல்ல அறிகுறி.

எட்டாம் படி: மேடைக்கு ஓர் ஆள்

மேடைக்குக் கல்லும் இரும்பும் ஒருமுறைச் செலவு. அதை உயிரோடு வைத்திருக்கிறவரின் சம்பளம் ஆண்டுதோறும். குழுக்களைத் தேடி அழைப்பவர், முன்பதிவை ஒழுங்குபடுத்துபவர், மின்பெட்டியின் சாவி வைத்திருப்பவர், கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒலியை நிறுத்தச் சொல்லும் துணிவுள்ளவர். சிறிய ஊரில் இவர்கள் எல்லோரும் ஒரே ஆளாக இருக்கலாம். அந்த ஒருவரும் இல்லை, அவருக்கு நிதியும் இல்லை என்றால், மேடை கட்டும் பணத்தின் ஒரு பகுதியை அவருக்கு மூன்றாண்டுச் சம்பளமாக ஒதுக்கிவிட்டு, வாடகை மேடையோடு தொடருங்கள். நல்ல ஆளும் வாடகை மேடையும் சேர்ந்தால் சதுக்கம் உயிர் பெறும். பளிங்கு மேடை இருந்து ஆள் இல்லாத இடத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

கட்டணமில்லாமல் யார் பயன்படுத்தலாம், அரசியல் கூட்டங்களுக்கும் மதக் கூட்டங்களுக்கும் என்ன விதி, ஒரே நாளுக்கு இருவர் கேட்டால் யாருக்கு என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். சண்டை வந்த பிறகு எழுதும் விதியை யாரும் நடுநிலை என்று நம்ப மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: மேடை என்று தெரியாத மேடைகள்

"கட்டலாம்", "வேண்டாம்" என்ற இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. இத்தாலியின் சியெனா நகரில் உள்ள காம்போ சதுக்கத்துக்கு 1349இல் செங்கல் தளம் போட்டார்கள். ஒன்பது பகுதிகளாகப் பிரிந்த அந்தத் தளம், சிப்பியின் உட்புறம்போல நகர மண்டபத்தை நோக்கிச் சரிகிறது. மழைநீர் தாழ்ந்த இடத்துக்கு ஓடுகிறது. மக்கள் சரிவில் எங்கே உட்கார்ந்தாலும் கீழே நடப்பது தெரிகிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ள பயனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கம், முன்பு வாகன நிறுத்துமிடம் இருந்த இடத்தில் 1984இல் திறக்கப்பட்டது. அங்கே வளைவான படிகளே பார்வையாளர் இருக்கை. நிகழ்ச்சி இல்லாத மதியங்களிலும் அதே படிகளில் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் சதுக்கத்துக்கும் இரண்டு மூன்று அகன்ற படிகள் போதுமானதாக இருக்கலாம். அல்லது வாடகை மேடையும் பந்தலும் பாதுகாப்பாக நிற்க, தரையில் புதைத்த நங்கூரப் பிடிகள், நல்ல மின்பெட்டி, லாரி வந்து நிற்கத் தாங்கும் ஒரு மூலை, இவை மட்டும் போதலாம். இந்த அடிப்படை வசதிகளை முதலில் செய்வதையே நான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறேன். பின்னால் நிரந்தர மேடை வந்தாலும் இவற்றில் எதுவும் வீணாகாது. வராவிட்டால் சதுக்கத்தில் அடைபட்ட இடம் ஒன்றுமில்லை.

பத்தாம் படி: முடிவு நாள்

சோதனைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, "இவை நடந்தால் கட்டுவோம்" என்று ஐந்தாறு நிபந்தனைகளை எழுதிக் குழுவினர் எல்லோரும் கையெழுத்திடுங்கள். நாட்காட்டியில் உறுதியான நாட்கள் எத்தனை, பருவக் கடைசி நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்கள் எத்தனை, ஜன்னலருகே ஒலி எந்த அளவைத் தாண்டக் கூடாது, பொறியாளரின் எழுத்துமூலச் சான்று, ஊழியருக்கு மூன்றாண்டு நிதி, காலியாகக் கிடக்கும்போது மேடையின் பயன் என்ன என்பதற்கு ஒரு வரிப் பதில். எண்கள் கைக்கு வந்த பிறகு நிபந்தனை எழுத உட்கார்ந்தால், ஆசைப்பட்ட பக்கமே எண்களும் சாயும்.

"வேண்டாம்" என்று முடிவானால், சேகரித்த எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்து, அதை நகர அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஐந்தாண்டு கழித்து வேறொரு குழு அதே படத்தோடு வரும். உட்கார்ந்து எண்ணிய தாள்களும் கைதட்டிப் பார்த்த குறிப்புகளும் அப்போது அவர்கள் கையில் இருக்கட்டும்.